வெக்கை வேறு, அசுரன் வேறு: அந்த முன்கதை தேவைதானா?

கரிசல்காட்டான்:
நேற்று ராத்திரி டிவியில் மறுபடியும் அசுரன் போட்டார்கள். முன்கதை தொடங்கியதும் அணைத்துவிட்டேன். அந்தப் படத்துக்கு மூலமான பூமணியின் வெக்கை 1982இல் வந்த நாவல். பதினைந்து வயசு சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை வெட்டத்தான் போகிறான், ஆளே காலி. அப்புறம் அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். சோறு பொங்குகிறார்கள், தூங்குகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சிலேயே மொத்தக் குடும்பமும் தெரிந்துவிடும். 2019இல் வெற்றிமாறன் இதற்குள் அப்பாவின் இளமைக்கால முன்கதையாகப் பஞ்சமி நிலக் கதை ஒன்றைச் சொருகி, பையனுடைய கதையை அப்பாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். தனுஷை வைத்துக்கொண்டு சும்மா விடமுடியுமா?

முதல்ஷோ முத்து:
மூத்த மகன் முருகனை விடுவிக்க அப்பா சிவசாமி வீடு வீடாகப் போய்க் காலில் விழுகிறாரே, அதைப் பார்க்கும்போது கோழை என்றுதான் தோன்றும். முன்கதையைப் பார்த்த பிறகுதான் அந்த ஆள் எதற்குப் பயப்படுகிறான் என்று புரிகிறது. அதை எடுத்துவிட்டால் படமே இல்லை.

கரிசல்காட்டான்:
அடங்கிப் போகிறவனுக்குள் ஒரு பழைய வீரன். இது பாட்ஷா சார். 1995லேயே பார்த்துவிட்டோம்.

தென்றல்:
பாட்ஷாவின் பழைய கதை ஜெயித்த கதை. சிவசாமியுடையது எல்லாரையும் தீக்குக் கொடுத்த கதை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?
எனக்கு அந்தப் பகுதியில் மறக்காதது சண்டை இல்லை, செருப்பு. சிவசாமி ஆசையாய் வாங்கிக் கொடுத்த செருப்பை, அவர் கட்டிக்கொள்ள இருந்த மாரி போட்டு நடக்கிறாள்; அதற்காக அடித்து, அதையே தலையில் சுமக்க வைக்கிறார்கள். நாவலில் சாதிப் பெயரே வராது, அதுதான் அழகு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பெயர் சொல்லாவிட்டால் வாசிக்கிறவர் 'யாரோ இரண்டு பங்காளிச் சண்டை' என்று தப்பித்துப் போகலாமே. 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிப்போன கதை, படம் வந்த பிறகுதான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

கரிசல்காட்டான்:
மாரி காட்சியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் குடிசைகள் எரிகிற இடம் அப்படியே கீழ்வெண்மணிப் படுகொலை. 1968 டிசம்பர் 25, 44 உயிர். அது தஞ்சைப் பக்கம், நெல்வயல், பண்ணையார், கூலிப் போராட்டம். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் காடு. சொந்தமாக ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவனை அதற்காகவே கொல்லுகிற ஊர். இந்த வன்மம் வேறு மாதிரியானது, பூமணிக்கு அது உள்ளங்கை ரேகை மாதிரி. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியதில் கரிசல் காணாமல் போய்விட்டது.

முதல்ஷோ முத்து:
தீ வைக்கிறவன் மாவட்டம் பார்த்தா வைப்பான்?

தென்றல்:
முத்து, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூலி கேட்டதற்கு எரிப்பதும் நிலம் வைத்திருப்பதற்கு வெட்டுவதும் ஒன்றில்லை. ஆனாலும் முன்கதை வேண்டும் என்பதிலிருந்து நான் இறங்கவில்லை. கரிசல்காட்டான், நீங்கள் நாவலை எப்போது வாசித்தீர்கள்?

கரிசல்காட்டான்:
காலேஜில். நண்பனிடம் இரவல் வாங்கிய பிரதி, திருப்பிக் கொடுக்கவே இல்லை. நீங்கள்?

தென்றல்:
படம் பார்த்த மறுவாரம். இல்லாவிட்டால் வெக்கை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.