பொழுதுபோக்குக்காக லாங்ஆர்ம் மெஷின் வாங்கலாமா?

குயில்ட் (துணித்துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். விற்பதற்கு இல்லை, என் மனநிறைவுக்காக மட்டும் வருடத்துக்கு நான்கைந்து குயில்ட் தைக்கிறேன். துண்டுகளை இணைக்கும் வரை சுகம்தான். மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் திண்டாட்டம். என் சாதாரண மெஷினில் ஊசிக்கு வலப்புறம் உள்ள 8 அங்குல இடைவெளிக்குள் பெரிய குயில்ட்டைச் சுருட்டித் திணித்தால் தோள் கழன்றுவிடும் போல வலிக்கிறது. போன வாரம் அடித்துணி மடிந்துபோய், ஒரு மாலை முழுக்கத் தையல் பிரித்தேன்.

லாங்ஆர்ம் என்ற நீண்ட கை கொண்ட குயில்ட் மெஷினில் துணி சட்டத்தில் விறைப்பாக நிற்கும், மெஷின்தான் நகரும். ஆனால் பெரிய சட்டத்துக்கு 10, 12 அடி நீளம் இடம் வேண்டும். விலையும் அதிகம். சரி, சட்டம் இல்லாமல் மேசை முன் உட்கார்ந்து தைக்கும் லாங்ஆர்ம் வகை போதுமா? அதில் துணியை நாம்தான் நகர்த்த வேண்டும், தோள்வலி குறையுமா? அப்புறம், தையல் நீளத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் அவசியமா?

சொந்த ஆசைக்காக வாங்கியவர்கள், இப்போதும் அதில் ஆசையாகத் தைக்கிறீர்களா?