ஷாப் (SHAP) சார்ட்டைக் காட்டியபோது வந்த கேள்வி: அனுபவப் பகிர்வு

மல்லிகணிப்பு:
மல்லிகைப்பூ விலையைக் கணிக்கிற மாடல், எக்ஸ்ஜிபூஸ்ட்ல (முடிவு மரங்களை அடுக்கிக் கணிக்கிற முறை) செஞ்சது. தை முகூர்த்தத்துக்கு முந்தின நாளின் ஷாப் வாட்டர்ஃபால் சார்ட், அதாவது கணிப்புல ஒவ்வொரு அம்சத்தோட பங்கையும் கோடு கோடாக் காட்டுற படம். அடிப்படை கிலோ 600 ரூபாய். வரத்துக் குறைவு +380, முகூர்த்தம் +310, ராத்திரிக் குளிர் +140, மழை −30. கணிப்பு 1,400. கூட்டினால் ரூபாய் பிசகாது. மாட்டுத்தாவணி கமிஷன் கடைக்காரர் ஒருத்தர் அந்த 140 மேல விரலை வச்சார்: "தம்பி, வரத்து கொறஞ்சதே பனியாலதான? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு கோடு?" அவர் கேட்டது நியாயம். குளிரும் வரத்தும் சேர்ந்தே ஏறி இறங்குது. ரேண்டம் சீடை (seed, தற்செயல் தேர்வுகளைத் தொடங்கி வைக்கிற எண்) மாத்திப் பயிற்சி கொடுத்தா கணிப்பு கிட்டத்தட்ட அதேதான், 380க்கும் 140க்கும் நடுவுல பங்கு மட்டும் இடம் மாறுது.

வைகைக்கரை:
பங்கு கிடக்கட்டும், அலகை முதல்ல பாருங்க. எங்களோடது கடன் திரும்பாத வாய்ப்பைச் சொல்ற மாடல். "பழைய பாக்கி +0.9" கோட்டைப் பார்த்த மேனேஜர், 90 சதவீதம்னே முடிவு கட்டிட்டார். அது லாக்-ஆட்ஸ் (நடக்கும், நடக்காது வாய்ப்புகளோட விகிதத்தின் மடக்கை), நேரடி சதவீதம் இல்ல. அடிப்படை −2, அதாவது சுமார் 12%. 0.9 கூடினா −1.1, சுமார் 25%. அவ்வளவுதான்.

கோரிப்பாளையம்_கோடர்:
வைகைக்கரை, "பங்கு கிடக்கட்டும்"னு தள்ளிவிட முடியாது. அலகை ஒரு வரியில திருத்திடலாம்: ட்ரீ எக்ஸ்ப்ளெய்னருக்கு (மர மாடல்களுக்கான ஷாப் கருவி) பின்னணித் தரவு (அடிப்படையைக் கணக்கிட எடுக்கிற மாதிரி வரிசைகள்) கொடுத்து, வெளியீட்டை நிகழ்தகவுன்னு மாத்தினாப் போதும். பங்குச் சிக்கல் அப்படித் தீராது.

மல்லிகணிப்பு, நீங்க கேட்கலைதான், இருந்தாலும் சொல்றேன். ஷாப் மதிப்புகள் கூட்டல் கணக்கு. வரத்தையும் குளிரையும் ஒரே கோடாச் சேர்த்து "+520 வரத்தும் குளிரும்"னு காட்டுங்க, கடைக்காரர் ஒத்துக்குவார். பின்னணித் தரவுல 100 வரிசை எடுக்கிறப்ப சித்திரை, வைகாசி நாளா அள்ளிராதீங்க. அடிப்படை விலை கீழ போயி, குளிர்கால நாள் எல்லாத்துக்கும் கோடு வீங்கித் தெரியும். மாசவாரியாப் பிரிச்சு எடுங்க. ஒரு அம்சத்தோட மதிப்புகளைக் கலைச்சு, கணிப்பு எவ்வளவு கெடுதுன்னு பார்க்கிற பெர்ம்யூட்டேஷன் முறையை நம்பி ஓடினாலும் இதே கதை: குளிரை மட்டும் கலைச்சா வரத்து ஈடு கட்டிரும், ரெண்டுமே உப்புக்குச் சப்பாணி மாதிரி தெரியும். சேர்த்துக் கலைக்கணும். பனி விழுந்தா வரத்து குறையும்ங்கிறது வியாபாரிக்குத் தெரிஞ்ச காரணம். மாடல் அதைக் கத்துக்கல. சார்ட்டுல "காரணம்"னு தலைப்புப் போட்டிருந்தா மொதல்ல அதை எடுங்க, "மாடல் எடுத்துக்கிட்ட பங்கு"ன்னு போடுங்க.

திருமங்கலம்77:
எங்க பக்கம் லைம் (LIME), ஒரு கணிப்பைச் சுத்தி மாதிரிப் புள்ளிகளை உருவாக்கி அதுக்கு விளக்கம் சொல்ற இன்னொரு முறை. ஒரே வாடிக்கையாளர், ஒரே மாடல், ரெண்டு தடவை ஓட்டினா முதலிடத்துல வேற வேற காரணம். எதிர்ல உட்கார்ந்திருந்தவர் ரெண்டு பிரிண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எங்களையே பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மாதிரிப் புள்ளிகளைப் புதுசா உருவாக்குறதால வர்ற ஆட்டம் அது. சீடை நிலைநிறுத்தினா பிரிண்ட் மாறாது, ஆனா ஆட்டம் உள்ளேயே இருக்கும். டீஃபால்ட் 5,000 புள்ளியை 20,000 ஆக்கி, அஞ்சாறு சீடுல ஓட்டிப் பாருங்க. அப்பவும் வரிசை மாறினா அந்தப் பிரிண்டை யார் கையிலயும் கொடுக்காதீங்க.

மல்லிகணிப்பு:
சேர்த்துப் போட்டாச்சு. இப்ப கடைக்காரர் முகூர்த்தக் கோட்டுல வந்து நிக்கிறார்: வளர்பிறையா தேய்பிறையான்னு பார்த்தியான்னு கேட்கிறார். அந்த விவரமே தரவுல இல்ல.