28 நாள் கணக்கு 22 ஆகிவிட்டது, யாருக்காவது இப்படி?

தோழிகளே, எனக்கு வயது 43. 28 நாளுக்கு ஒருமுறை பிசகாமல் வந்த மாதவிடாய், மூன்று மாதமாக 22 நாளிலேயே வந்துவிடுகிறது. போன வாரம் நாத்தனார் மகள் வளைகாப்பில், கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றபோது வந்துவிட்டது. காலண்டரில் நான் போட்ட வட்டமோ இன்னும் ஆறு நாள் தள்ளி இருந்தது!

அம்மா, "பப்பாளி சாப்பிட்டிருப்பே" என்கிறார். நான் பப்பாளியைத் தொட்டே மாதக்கணக்காகிறது. நாற்பதுக்கு மேல் சினைமுட்டை சீக்கிரமே முதிர்ந்து வெளிவருவதால் சுழற்சி சுருங்கலாம் என்று படித்தேன். தைராய்டு கோளாறாலும் கணக்கு மாறுமாம். கர்ப்பத்தடை மாத்திரை எதுவும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறேன். உங்களுக்கு என்ன பரிசோதனை எழுதினார்கள்? ரத்தப் பரிசோதனை மட்டுமா, ஸ்கேனும் உண்டா? அப்புறம், ஸ்கேனுக்கு மாதவிடாய் முடிந்து எத்தனையாவது நாள் போனீர்கள்?