டியூப் ஆம்ப் (பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய்ல ஓடுற ஆம்ப்ளிஃபயர்) வாங்கலாமா, இருக்கற சாலிட் ஸ்டேட்டே (டிரான்சிஸ்டர் ஆம்ப்) போதுமா? குழம்பிப் போயிருக்கேன்

பாட்டுக்கிறுக்கு:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் நண்பன் வீட்டுல அவனோட டியூப் ஆம்ப்ல ரெண்டு மணி நேரம் பாட்டு கேட்டேன், 300பி டியூபாம், சேனலுக்கு 8 வாட் தான்னு சொன்னான், ஆனா பாடுறவங்க எதிர்ல வந்து நின்னு பாடுற மாதிரி இருந்துச்சு. அதோட வீட்டுக்கு வந்து என் செட்ட போட்டா தகரத்த தட்டுற மாதிரி இருக்கு. என்னோடது சாதா ஏபி கிளாஸ் சாலிட் ஸ்டேட், 60 வாட். ஸ்பீக்கர் சின்ன புக்ஷெல்ஃப், பின்னாடி 85 டெசிபல் (குடுக்கற பவருக்கு எவ்வளவு சத்தம் வரும்ங்கற கணக்கு), 4 ஓம்னு போட்டிருக்கு. கொஞ்சம் சவுண்ட் ஏத்துனா 'ஸ', 'ஷ' எல்லாம் காதுல குத்துது. ஆம்ப்ப வித்துட்டு அதே மாதிரி 300பி வாங்கிடலாம்னு இருக்கேன், சரியா?

குழாய்ராசா:
வாங்குங்க ப்ரோ, இதுல யோசிக்க என்ன இருக்கு. டியூப்ல வர்ற டிஸ்டார்ஷன் பெரும்பாலும் செகண்ட் ஹார்மோனிக், அதாவது அதே ஸ்வரம் ஒரு ஆக்டேவ் மேல, காதுக்கு அது குறையாவே தெரியாது. பவர் பத்தாம கிளிப் ஆனாலும் (அலையோட உச்சி வெட்டுப்பட்டாலும்) மெதுவா தான் ஆகும், டிரான்சிஸ்டர் மாதிரி படார்னு வெட்டாது. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு அந்த டியூப் வெளிச்சத்துல கேட்டுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

சால்டர்புகை:
கொஞ்சம் பொறுங்க. உங்க நண்பரோட ஸ்பீக்கர் என்ன? கேள்வியிலயே முக்கியமான பாதிய விட்டுட்டீங்க.

பாட்டுக்கிறுக்கு:
கேட்டேன் அண்ணா. பெரிய ஹார்ன் ஸ்பீக்கர், 96 டெசிபலாம், 8 ஓம்.

சால்டர்புகை:
அதான பாத்தேன். உங்களோட 85ங்கறது 2.83 வோல்ட்டுக்கு போடற கணக்கா தான் இருக்கும். 8 ஓம்ல அது 1 வாட், 4 ஓம்ல 2 வாட். அப்ப 1 வாட்டுக்கு உங்களுது நிஜத்துல 82 தான். அவரோடதுக்கும் உங்களோடதுக்கும் 14 டெசிபல் வித்தியாசம், பவர்ல சொன்னா 25 மடங்கு. அவர் 8 வாட்ல எழுப்புற சத்தத்துக்கு உங்களுக்கு 200 வாட் வேணும். அந்த 300பிய உங்க ஸ்பீக்கர்ல மாட்டுனா மூச்சு வாங்கும்.

சரி, அவ்வளவு சத்தத்துல தான் கேக்குறீங்களான்னு யாருக்குத் தெரியும், அளந்துடலாம். வழக்கமா நீங்க வைக்கிறதுலயே அதிக சத்தத்துக்கு வால்யூம வச்சு பென்சில்ல ஒரு கோடு போடுங்க. ஆம்ப்ப ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் வயர கழட்டுங்க. ஃபுல் லெவல்ல பதிஞ்ச 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ண அதே கோட்டுல ஓட விட்டு, ஸ்பீக்கர் டெர்மினல்ல மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சு பாருங்க. வர்றத அதாலயே பெருக்கி 4ஆல வகுங்க, வாட் கிடைக்கும். டியூப் ஆம்ப்ல மட்டும் இந்த வேலைய செஞ்சுடாதீங்க, லோடு (ஸ்பீக்கர்) இல்லாம ஓட்டுனா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காலி.

பாட்டுக்கிறுக்கு:
9.2 வோல்ட் காட்டுச்சு அண்ணா. 21 வாட் வருது. அப்ப என் 60 வாட் ஆம்ப் கிளிப்பே ஆகலையா? அப்புறம் ஏன் குத்துது?

வெத்துச்சுவர்:
ஸ்பீக்கர் எப்படி வச்சிருக்கீங்க? ட்வீட்டர் (கீச்சு சத்தம் வர்ற சின்ன ஸ்பீக்கர்) நேரா காதப் பாக்குதா? சுத்தி வெறும் சுவரும் கண்ணாடியுமா? ஆம்ப்ப விக்கறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பீக்கரையும் கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி விட்டு கேளுங்க.

சால்டர்புகை:
சரியா சொன்னீங்க. இன்னொரு சோதனையும் இருக்கு. ஃபீட்பேக் (அவுட்புட்ல கொஞ்சத்த திருப்பி எடுத்து தப்ப திருத்துறது) இல்லாத 300பி ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்புக்குள்ளயே இருக்கற தடை, சாதாரணமா 2, 3 ஓம் வரும், உங்களோடது அனேகமா 0.1க்கும் கீழ. ஸ்பீக்கரோட ஓம் ஃப்ரீக்வென்சிக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கிட்டே தான் இருக்கும், ஆம்ப்போட இம்பீடன்ஸ் ஜாஸ்தியா இருந்தா சத்தமும் கூடவே ஏறி இறங்கும். டியூப் இனிமைனு சொல்றோமே, அதுல ஒரு பங்கு இது தான், ஓசில வந்த டோன் கன்ட்ரோல். 1985ல பாப் கார்வர்னு ஒரு ஆம்ப் டிசைனர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரங்க குடுத்த டியூப் ஆம்ப் மாதிரியே தன்னோட டிரான்சிஸ்டர் ஆம்ப்ப டியூன் பண்ணி குடுத்தாரு, அவங்களால ரெண்டையும் பிரிச்சு சொல்ல முடியல.

உங்க ஆம்ப்லயும் அந்த இம்பீடன்ஸ ஏத்திப் பாக்க, 1 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ரெண்டு வாங்கி ஒவ்வொரு ஸ்பீக்கரோட பாசிட்டிவ் வயர்லயும் நடுவுல (சீரீஸ்ல) ஒண்ணொண்ணு போடுங்க. சத்தம் 2 டெசிபல் குறையும், அதை ஏத்தி சமன் பண்ணிட்டு கேளுங்க, இல்லன்னா காது ஏமாத்திடும்.

குழாய்ராசா:
ரெசிஸ்டர் போட்டா டியூப் ஆயிடுமா என்ன, காமெடி பண்ணாதீங்க சார்.

சால்டர்புகை:
ஆகாது. நீங்க சொன்ன ஹார்மோனிக் இதுல வராது. ஆனா அவருக்கு பிடிச்சது எதுன்னு பாதி தெரிஞ்சுடும்.

பாட்டுக்கிறுக்கு:
ரெண்டும் செஞ்சேன். ஸ்பீக்கர வெளிப்பக்கம் திருப்புனதுலயே பாதி குத்தல் போச்சு, இது இத்தன நாள் தெரியாம இருந்திருக்கேன். ரெசிஸ்டர் போட்டதும் குரல் கொஞ்சம் தடிச்சு வந்து நண்பன் வீட்டு ஞாபகம் வந்துச்சு உண்மையிலயே, ஆனா டிரம்ஸ் வர்ற பாட்டுல அடி விழுந்த இடத்துல நிக்காம தொள தொளன்னு இழுக்குது. அது பிடிக்கல.

சால்டர்புகை:
டேம்பிங் (ஸ்பீக்கரோட ஆட்டத்த ஆம்ப் பிடிச்சு நிறுத்துறது) போச்சுன்னா அப்படித்தான். 300பி வேணாம்னு தெரிஞ்சுடுச்சு. டியூப் ஆசை விடலன்னா இஎல்34 டியூப் ஜோடியா வேலை செய்யற புஷ்புல் ஆம்ப், 35 வாட் பக்கம், 4 ஓம் டேப் (4 ஓம் ஸ்பீக்கர் மாட்டுற டெர்மினல்) கட்டாயம் இருக்கணும், உங்க 21 வாட்ட தாங்கும். பவர் டியூப் 2000 மணி நேரம் போல ஓடுனா மாத்த வேண்டி வரும், மாத்தும்போது பயஸ் (டியூப்ல பாட்டு இல்லாதப்ப ஓடுற கரண்ட்) பாக்கணும். உள்ள 400 வோல்ட்டுக்கு மேல இருக்கும், பிளக்க புடுங்குனாலும் கெப்பாசிட்டர்ல நிக்கும், கைய விட்டுடாதீங்க.

பாட்டுக்கிறுக்கு:
இப்போதைக்கு இருக்கறதே இருக்கட்டும் அண்ணா, ஒரு வருஷம் போகட்டும். ஆனா ரெசிஸ்டர கழட்டினப்புறம் இடது பக்கம் சத்தம் ஜாஸ்தியா வருது, ரெண்டு நாளா பேலன்ஸ் நாப்ப திருப்பிட்டே இருக்கேன். ஆம்ப்ல ஏதாவது போயிடுச்சா?

வெத்துச்சுவர்:
ரெண்டு ரெசிஸ்டரும் கைல இருக்கா?

பாட்டுக்கிறுக்கு:
ஒண்ணு தான் இருக்கு 😂 வலது பக்கம் இன்னும் கழட்டவே இல்ல.