நிறுத்திய உலையில் ஊறும் வெப்பம்: சொல் எது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

அணு உலையை நிறுத்திய பிறகும் அதன் எரிபொருளில் பிறந்துகொண்டே இருக்கும் சூட்டை ஆங்கிலத்தில் ‘டிகே ஹீட்’ என்பார்கள். அதற்குச் ‘சிதைவு வெப்பம்’ என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று ராணிப்பேட்டை ஐயா கேட்டிருக்கிறார். போன மாதம் வரை நானும் அதைத்தான் எழுதிவந்தேன். என் மனத்தை மாற்றியது ஒரு நோட்டுப் புத்தகம்.

காட்பாடியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததுமே ஓடிக்கொண்டிருந்த உலைகள் நின்றுவிட்டன என்கிறீர்கள். நின்ற உலை எப்படி ஐயா உருகும்?” சுனாமியில் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கியதையும், குளிர்விக்க வழியில்லாமல் போனதையும், சிதைவு வெப்பத்தால் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியதையும் விளக்கினேன். மறுநாள் அவள் நோட்டைப் பார்த்தேன். “சிதைவு வெப்பம்: சிதைந்துபோன உலையிலிருந்து வெளிவரும் வெப்பம்” என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள். எது காரணம், எது விளைவு என்பதே தலைகீழாகிவிட்டது. அவள் மேல் குற்றமில்லை. சிதைவு என்றதும் தமிழ்க் காதில் இடிபாடுதான் விழும்.

யுரேனிய அணு பிளந்து பிறந்த அயோடின், சீசியம் முதலியவை உலை நின்ற பிறகும் தம் போக்கில் கதிர்வீசிச் சூட்டைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். இப்படிக் கதிர்வீசுவதைத்தான் கதிரியக்கச் சிதைவு என்கிறோம். பிளவை நிறுத்தக் கட்டுப்பாட்டுத் தண்டுகள் உண்டு. இதை நிறுத்த ஒரு கருவியும் கிடையாது. கூடங்குளத்தின் ஓர் உலை 1,000 மெகாவாட் மின்சாரத்துக்காக 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய கணத்தில் அதில் ஏறத்தாழ 200 மெகாவாட் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் சுமார் 45, ஒரு நாளில் சுமார் 15 என்று இறங்கும். வெளியே எடுத்த எரிபொருளையும் ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இனி, ‘சிதைவு வெப்பத்துக்கு’ மாற்றாகக் குழுமத்தில் வந்த பரிந்துரைகள். ‘தணல் வெப்பம்’ நான் சொன்னதுதான், திரும்பப் பெறுகிறேன். நீறு பூத்த நெருப்பு என்று கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தணலில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினால் அடங்கிவிடும். உலையில் தண்ணீர் சூட்டைக் கொண்டுபோகும், சூடு பிறப்பதைத் தடுக்காது. தவிர, அங்கே எதுவும் எரியவும் இல்லை.

ஆம்பூர் அம்மா ‘வெக்கை’ என்றார். வேலூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் பொழுது சாய்ந்த பின் கோட்டைச் சுவரில் கை வைத்தால் போதும். ஆனாலும் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத்தான் திருப்பித் தருகிறது, கொடுத்துவிட்டால் தீர்ந்தது. உலையிலோ புதிதாகப் பிறக்கிறது. ‘எஞ்சு வெப்பம்’ என்பதிலும் இதே குறை.

சிறுவயதில் விரிஞ்சிபுரத்தில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுக்கும், ஈரம் கசியும். கொட்டாங்குச்சியால் முதலில் வரும் கலங்கலை அள்ளி வெளியே வீசிவிட்டு அம்மா காத்திருப்பாள். தெளிந்த நீர் ஓசையில்லாமல் பழைய மட்டத்துக்கு ஏறும். அள்ள அள்ள ஊறும். சித்திரை பிறந்தால் ஊறுவது மெல்லக் குறையும், ஒரேயடியாக நிற்காது. எனக்குச் சொல் அங்கிருந்துதான் கிடைத்தது: ஊறுவெப்பம்.

‘ஊறல் வெப்பம்’ என்று வைக்கலாமே என்றார் ஒருவர். தக்கோலத்துக்குத் திருவூறல் என்றே பழம்பெயர் இருப்பதையும் நினைவூட்டினார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் மாவட்டச் செய்திகளில் ஊறல் என்றாலே மலையில் அழிக்கப்பட்ட சாராய ஊறல்தான். ‘ஊற்று வெப்பம்’ வெந்நீரூற்றை நினைவுபடுத்தும். ஊறு என்றால் தீங்கு என்றும் பொருளாயிற்றே என்ற தடையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஊறுகாயைக் கேட்டு யாரும் தீங்கை நினைப்பதில்லை. ஊறுகாய் போலவே ஊறுவெப்பமும் வினைத்தொகை: ஊறிய வெப்பம், ஊறுகின்ற வெப்பம், ஊறும் வெப்பம். முக்காலமும் அடங்கிய சொல் இந்தப் பொருளுக்கு எவ்வளவு இசைகிறது பாருங்கள்! உவமையில் ஓர் இடம் மட்டும் ஒட்டாது. ஊற்றில் அள்ளாவிட்டால் நீர் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். உலையில் அள்ளாவிட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். அதைப் பாடத்தில் சொல்லிவிடலாம். கதிரியக்கச் சிதைவு என்ற சொல் அப்படியே இருக்கட்டும், அதில் கைவைக்க வேண்டாம்.

நிலக்கரியை விட்டாக வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. அணுவா, சூரியனும் காற்றுமா என்பதில்தான் பிரிந்து நிற்கிறோம். 2047க்குள் 1 லட்சம் மெகாவாட் அணுமின் திறன் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரலில் மூடிவிட்டது. இந்த வாதம் தமிழில் நடக்க வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒரே சொல்லைக் கூசாமல் எடுத்தாள வேண்டும். “பம்பு நின்றாலும் ஊறுவெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கடத்தும் அமைப்பு கூடங்குளத்தில் இருக்கிறது” என்று ஆதரிப்பவர் எழுதலாம். “சூரியத் தகட்டை அணைத்தால் அணைந்தது; ஊறுவெப்பத்துக்கு இரவும் பகலும் காவல் வேண்டும்” என்று எதிர்ப்பவரும் எழுதலாம். ‘சிதைவு’ முதலாமவரின் வாயை அடைக்கிறது. ‘எஞ்சு’ இரண்டாமவரின் அச்சத்தைச் சிறிதாக்குகிறது.

நம் பாலாறு கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாயலூரில்தான் கடலைச் சேர்கிறது. அதன் மணலில் கிடைத்த சொல் அங்குள்ள உலைகளுக்கும் போய்ச் சேரட்டும் என்று எனக்கு ஓர் ஆவல்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. இவ்வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாட்டை ஊறுவெப்ப நீக்கம் என்பதா, ஊறுவெப்ப இறைப்பு என்பதா? நீக்கம் என்றால் ஒருமுறை எடுத்துப் போட்டால் முடிந்தது என்று தோன்றுகிறது. ஊறுவதை நாம் இறைக்கத்தானே செய்கிறோம்? ராணிப்பேட்டை ஐயா, வாழ்நாளெல்லாம் பம்புகளோடு வேலை பார்த்தவர் நீங்கள். எது சரியென்று சொல்லுங்கள்.