ஹாட் டாக்: பன் ஊறுது, சாசேஜ் வெடிக்குது, எங்க தப்பு?

ஹைகிரவுண்ட்வாசி:
பாளையங்கோட்டையில ஆறு மேசை போட்டு ஹாட் டாக்குக்குன்னே (நீள பன்னுக்குள்ள இறைச்சிக் குழல், அதான் சாசேஜ், வச்சுக் கொடுக்கிறது) ஒரு கடை தொடங்கப் போறோம். சோதனை ஓட்டத்துல மூணு சிக்கல். சிக்கன் சாசேஜ் கல்லுல வெடிச்சு உள்ள வறண்டுபோகுது. உள்ளூர் நீள பன் விரிச்சா ரெண்டாப் பிஞ்சிருது. மேல தக்காளி, ஊறுகாயெல்லாம் அடுக்குற சிகாகோ வகையைத் தட்டுல வச்ச அஞ்சு நிமிசத்துல அடி ஊறி, கையில எடுத்தா எல்லாம் மடியில கொட்டுது. விவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

கல்லடி மாஸ்டர்:
பொட்டலத்துல வேகவச்ச சாசேஜ்னு இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா உங்க வேலை சூடாக்குறதும் நிறம் ஏத்துறதும் மட்டும்தான். ஃப்ரீசர்ல இருந்து நேரா கல்லுக்குப் போகக் கூடாது, முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு மாத்திருங்க. பிறகு 80-85 டிகிரி தண்ணியில 5-6 நிமிசம். அடியில சின்னக் குமிழ் வரணும், மேல தளதளன்னு கொதிக்கக் கூடாது. கொதிச்சா உள்ள இருக்க ஈரம் ஆவியாகித் தோலைத் தள்ளும், வெடிப்பு அங்கதான் ஆரம்பிக்குது. எடுத்து ஈரம் துடைச்சு, எண்ணெய் தடவின கல்லுல மிதமான தீயில ரெண்டு நிமிசம் உருட்டுனாப் போதும். உள்ள 74 டிகிரி இருக்கணும். குத்திக் குத்திப் பாக்காதீங்க. சிக்கன்ல கொழுப்பு கம்மி, சாறு போனா ரப்பர்தான்.

அடுமனைக்காரன்:
நம்மூரு பன் டீயில முக்கித் திங்கச் செஞ்சது வே! சர்க்கரை கூடுதல், பொதபொதன்னு இருக்கும், வளைஞ்சு கொடுக்காது. பேக்கரியில தனியாச் சொல்லிப் போடுங்க: மைதா 500 கிராம், பால் 300 மில்லி, வெண்ணெய் 50, சர்க்கரை 30, உப்பு 9, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7. அறுபது கிராம் உருண்டையா 14 வரும். 15 செ.மீ. நீளத்துக்கு உருட்டி, ஒரு செ.மீ. இடைவெளியில நெருக்கி அடுக்கணும். உப்பும்போது பக்கம் ஒட்டிக்கிடும், பக்கவாட்டுல ஓடு விழாது. நம்ம வெயிலுக்கு மாவு சீக்கிரம் பொங்கிரும், கடிகாரத்தை நம்பாம ரெட்டிப்பானதும் எடுங்க. பிறகு ஓவன்ல 190 டிகிரியில 15 நிமிசம் வேகணும்.

நல்லா ஆறுன பிறகுதான் கத்தி வைக்கணும், அடியில ஒரு செ.மீ. வெட்டாம விடுங்க. வெண்ணெய் தடவி உள்பக்கத்தை மட்டும் கல்லுல சிவக்க விடுங்க. ஈரம் இறங்காமத் தடுக்கிறது அந்த வெண்ணெயும் மொறுமொறுப்பும்தான். வெளிப்பக்கம் காஞ்சா மடக்கையில விரிசல் விடும்.

சந்திப்பு ராசா:
ஊறுறதுக்குப் பாதிக் காரணம் தக்காளி. நாட்டுத் தக்காளி போட்டீங்கன்னா புளிச்சாறு ஓடும். பெங்களூர் தக்காளியை விதை வழிச்சு, அரைவட்டமா நறுக்கித் துணியில ஒத்தி எடுங்க. வெள்ளரி ஊறுகாயையும் வடிச்சே வைக்கணும்.

அடுக்குற முறைக்கு அமெரிக்காவுல ஒரு சட்டமே சொல்லுவாங்க: சாசேஜுக்குத்தான் அலங்காரம், பன்னுக்கு இல்லை. முதல்ல கடுகுச் சாஸ் மாதிரி ஈரமானது, அதுக்கு மேல வெங்காயம், ஊறுகாய்த் துருவல், பிறகு சீஸ், கடைசியா தூவுற பொடி. சாஸைப் பன்னுக்குள்ள ஊத்தாதீங்க. சிகாகோவுக்கு மஞ்சக் கடுகுச் சாஸ், பச்சை ரெலிஷ் (இனிப்பு வெள்ளரி ஊறுகாய்த் துருவல்), நறுக்குன வெங்காயம், தக்காளி, வெள்ளரி ஊறுகாய்க் கீத்து, வினிகர்ல ஊறுன சின்ன மிளகாய், செலரி உப்பு (செலரி விதைப் பொடி கலந்த உப்பு), கசகசா தூவுன பன். மாட்டிறைச்சி சாசேஜ்தான் அங்க வழக்கம், சிக்கன் வச்சா பலகையில அப்படியே எழுதிருங்க. நியூயார்க் வகைன்னா புளிச்ச முட்டைக்கோஸும் சமைச்ச வெங்காயச் சாஸும்.

தக்காளி சாஸ் சிகாகோவுல ஆகாது. நம்ம பிள்ளைக கேக்கத்தான் செய்யும், மேசையில தனியா வைங்க. நாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்குச் சாசேஜை நீளவாட்டுல கீறி, பொடியாக்கிக் கொடுக்கணும். உருண்டைத் துண்டு தொண்டையில அடைக்கும்.

ஹைகிரவுண்ட்வாசி:
தக்காளியில கோட்டை விட்டிருக்கோம். பார்சலுக்கு ஃபாயில் சரிவருமா அண்ணாச்சி?

சந்திப்பு ராசா:
வராது. புரோட்டா சால்னாவுல ஊறுனாத்தான் ருசி, இது நேரெதிர். ஃபாயில்ல ஆவி அடைஞ்சு பன் களியாயிரும். பட்டர் பேப்பர்ல சுத்தி, ஓட்டை உள்ள அட்டைப் பெட்டியில வைங்க. தக்காளி, வெங்காயம், சாஸ் எல்லாம் தனிக் கிண்ணம்.