கறிக்கோழிக் குப்பையை மக்காச்சோளத்துக்கு அப்படியே போடலாமா?

வேப்பூர் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். வேப்பூர் பக்கத்தில் இரண்டு ஏக்கர், சரளை கலந்த செம்மண். கிணற்றுப் பாசனம். புரட்டாசியில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் போடப் போகிறேன். போன வருடம் செடி இடுப்புயரம் வந்ததும் அடி இலைகள் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக மஞ்சளாகிக் காய்ந்தன. கதிரின் முனையிலும் மணி பிடிக்கவில்லை. பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணையில் இப்போதுதான் கோழி பிடித்திருக்கிறார்கள். உமியோடு சேர்ந்த குப்பையை டிராக்டரில் அள்ளிக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டில் மூன்று மாடு, எருக்குழியும் உண்டு. கோழிக்குப்பையை அப்படியே இறைத்து உழுதுவிடலாமா? இதைப் போட்டால் யூரியாவே வேண்டாம் என்கிறார்களே, சரியா?

சிறுபாக்கம் அக்கா:
தம்பி, குப்பையை விடாதீர்கள், முழுவதும் அள்ளிக்கொள்ளுங்கள். ஆனால் நேராக நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். வண்டியிலிருந்து கொட்டும்போது கண் எரியும் பாருங்கள், அந்த நெடிதான் உங்கள் பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். யூரியா கொடுப்பதும் இதைத்தான். திறந்த வெளியில் போட்டு வைத்தால் பாதிக்குப் பாதி காற்றோடு போய்விடும். விதைக்கும் சமயத்தில் பச்சையாகப் போட்டால் சூட்டில் முளையும் வெந்துபோகும். உமி வேறு இருக்கிறது. அது மக்குவதற்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும், அதை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துச் செடி வெளுக்கும்.

இப்போது ஆடி. புரட்டாசிக்குள் மக்கவைத்துவிடலாம். தண்ணீர் தேங்காத மேட்டில், மர நிழல் இருந்தால் நல்லது, கோழிக்குப்பை ஒரு அடுக்கு, எருக்குழிக் குப்பை ஒரு அடுக்கு, போன வருடத்துச் சோளத்தட்டை கிடந்தால் நறுக்கி ஒரு அடுக்கு என்று இடுப்பளவுக்கு ஏற்றுங்கள். அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் (மணிச்சத்து உரம்) தூவினால் அந்த நெடி அடங்கும், சத்தும் தங்கும். தண்ணீர் தெளிக்கும்போது அளவு தெரிய வேண்டும். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது, கையைத் திறந்தால் உருண்டை உதிரவும் கூடாது. மேலே தென்னங்கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள். திடீர் மழை ஒன்று வந்தால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும்.

நான் எப்போதும் கடப்பாரையை வைத்துத்தான் பார்ப்பேன். குவியலின் நடுவில் குத்திச் சற்று நேரம் விட்டு உருவினால், இரும்பைக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். அப்படிச் சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது. சூடு தணிந்ததும் ஒருமுறை புரட்டிவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள், திரும்பச் சூடேறும். புரட்டியும் சூடேறவில்லை, நெடி போய் மழை பெய்த மண்வாசம் வருகிறது என்றால் எடுத்துவிடலாம்.

யூரியாவே வேண்டாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் எக்டருக்கு 250 கிலோ தழைச்சத்து சொல்கிறது, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ. தொழு உரம், அதாவது மக்கிய மாட்டெரு, எக்டருக்கு 12.5 டன், ஏக்கருக்கு 5 டன். தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான், 5 டன்னுக்கு 25 கிலோ வரும். அதிலும் முதல் பயிருக்கு ஒரு பங்குதான் கிடைக்கும். கோழிக்குப்பையில் 2 முதல் 3 சதவீதம் இருக்கும், அதனால் அது பெரிய உதவி. இரண்டும் சேர்ந்தால் யூரியாவைக் குறைக்கலாம், முழுக்க நிறுத்தினால் கதிர் சிறுத்துப்போகும். குப்பையின் பெரிய வேலை வேறு. உங்கள் சரளை மண்ணில் போடுகிற யூரியா தண்ணீரோடு கீழே இறங்கிவிடுகிறது. குப்பை விழுந்த மண் அதைப் பிடித்து வைக்கும்.

போன வருடம் அடி இலை காய்ந்தது தழைச்சத்துப் பற்றாக்குறை. குருத்திலை வெளிறி வெள்ளைப் பட்டை விழுந்தால் அது துத்தநாகப் பற்றாக்குறை, அதற்குக் குப்பையை மட்டும் நம்ப வேண்டாம். துத்தநாக சல்பேட் போடுவதாக இருந்தால் சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காதீர்கள், தனியாகப் போடுங்கள். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு ஒரு மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பாகூர் ஏரிக்கரை:
அக்கா சொன்னதோடு ஒன்று. எருக்குழியைக் கிளறும்போது பழுப்புத் தலையோடு வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு இருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாக மக்கிய சாணியில்தான் அது பெருகும், வயலுக்குப் போனால் வேரைத் தின்னும். கண்டால் பொறுக்கிப் போடுங்கள், கோழிகளே பாதி வேலையை முடித்துவிடும். எங்கள் பக்கம் தென்னை நார்க்கழிவு சும்மா கிடைக்கிறதென்று பச்சையாக வயலில் கொட்டுகிறார்கள். அதையும் மக்கவைக்காமல் தொடக் கூடாது.

வேப்பூர் தம்பி:
மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. நாளைக்கே வண்டி சொல்லிவிடுகிறேன். வயலில் இரவு ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போடலாம் என்று அப்பா சொல்கிறார். அதையும் சேர்த்துச் செய்யலாமா? மீதி யூரியாவை எப்போது வைப்பது?

சிறுபாக்கம் அக்கா:
கிடைக்காரர் வந்தால் தாராளமாகப் போடுங்கள் தம்பி. ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் பலன் கொடுக்கும், மூத்திரமும் மண்ணிலேயே இறங்கும். கிடையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் இடம் மாற்றி மாற்றி அடைக்கச் சொல்லுங்கள். கிடை கிளம்பியதும் அன்றைக்கே மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டுங்கள், வெயிலில் காயவிட்டால் வீண்.

யூரியாவை மூன்றாகப் பிரியுங்கள். அடியுரமாகக் கால் பங்கு, விதைத்த 25ஆம் நாள் மண் அணைக்கும்போது பாதி, 45ஆம் நாள் மீதிக் கால் பங்கு. மழை கொட்டுகிற நாளில் வைக்க வேண்டாம், ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது வையுங்கள். குவியல் போட்டதும் படம் எடுத்து இங்கே போடுங்கள், ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.